குழந்தைகள் இல்லமும் குழவிக் கல்வியும்

கல்வியாவது ஆசிரியர் கூற மாணவர் அமர்ந்து கேட்டலே என்னுங் கருத்து நெடுங்காலம் நிலவிவந்தது. அதனை மாற்ற எழுந்த முயற்சிகளுள் ஒன்று 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் உரோமாபுரியிலே, ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொறென்சோப் பகுதியில் தோன்றியது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் அங்குள்ள சிறுவர் கவனிப்பாரின்றித் திரிந்து, புதுப்பிக்கப்பெற்ற குடியிருப்புகளின் சுவர்களைப் பழுதாக்கினர். அவர்களைப் பேணும் பொறுப்பை ஏற்றவர் மருத்துவராகிய மரியா மொன்ரிசோரி அம்மையார் (1870 - 1952). அந்நிலையம் 'குழந்தைகள் இல்லம்' எனப் பெயர்பெற்றது.

இத்தார், செகுவென் ஆகியோர் வகுத்த கருவிகளைக் கொண்டு உளவளர்ச்சி குன்றிய சிறுவருக்குக் கற்பித்த அனுபவம் அம்மையாருக்கு முன்னரே இருந்தது. அதனையே அவர் ஈண்டும் பயன்படுத்தினார். குழந்தைகள் தாம் விரும்பிய கருவியைத் தாமே தேர்ந்தெடுத்தனர். சொரசொரப்பான எழுத்துக்களை விரலால் தடவி எழுதக் கற்றனர். வெவ்வேறு வயதினர் ஒருங்கிருந்து, கூட்டுதல், உணவு பரிமாறுதல் முதலிய பணிகளையும் செய்தனர்.

எனினும் மறுப்பும் எழாமலில்லை. தனித்தனியே தொழில்செய்யுங் குழந்தை கூடிவாழக் கற்குமோ என்பதே வினா. அமெரிக்கக் கல்வியறிஞர் கில்பற்றிக் 1914இல் எழுதிய நூலில், கூட்டுறவுக்கும் கற்பனைக்கும் இம்முறையிற் போதிய இடமில்லை எனக் குறைகூறினார்.

இவ்வினாவை ஆராய்ந்த ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மில்வோக்கி நகரில், மொன்ரிசோரிப் பாடசாலைக்குத் திருவுளச்சீட்டினால் தெரிவானோரும் தெரிவாகாதோரும் ஒப்பிடப்பட்டனர். இரு சாராரின் பெற்றோரும் அப்பாடசாலையை நாடியவர்களே; ஆதலின் பெற்றோரின் ஆர்வமே வேறுபாட்டுக்குக் காரணமெனல் இயலாது. முதற்சாராரில் ஐந்து வயதினர் எழுத்தறிவிலும் கணிதத்திலும் மேம்பட்டதோடு, பிணக்கு நேர்ந்தவிடத்து நியாயத்தை எடுத்துக்காட்டவும் விளையாட்டிடத்தில் இணங்கிப் பழகவும் மிகுதியாக முற்பட்டனர். பன்னிரண்டு வயதினரிடையே பாட அறிவில் அத்துணை வேறுபாடு காணப்படவில்லை. ஒரு நகரத்து ஒரு பாடசாலையின் முடிவு எங்கும் பொருந்துமெனத் துணிதலுங் கூடாது.

அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கும் 1944இல் இலங்கைக்கும் வந்தார். இன்று நம்நாட்டில் பாலர் பாடசாலை எதனையும் 'மொன்ரிசோரி' என்றழைத்தல் வழக்காயிற்று. ஆயின், மில்வோக்கியிற் பயன் விளைத்தது பெயரன்று; அம்முறையை வழுவாது பின்பற்றிய ஒழுங்கே. பெயர்ப்பலகையைத் தொங்கவிட்டு, உள்ளே மூன்று வயதுக் குழந்தையை நாள்முழுதும் இருத்தி மனனஞ் செய்விப்போர், 1907இல் திறக்கப்பட்ட கதவை மீண்டும் அடைப்போரே ஆவர்.