கைதட்டிய கூட்டமும் கார்கில் போரும்

1999 ஜனவரி 31. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறி சேப்பாக்கம் போனவர்களில் பலருக்கு அந்த நாள் மறந்திருக்காது. 271 ரன் இலக்கு. முதுகுவலியோடு சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். ஒரு கணம் மைதானமே ஊமையானது. பிறகு கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது.

நாலே மாதத்தில் கார்கில் போர். மே 29 அன்று படாலிக்கில் திருச்சி மேஜர் சரவணன் வீரமரணம் அடைந்தார். உடலை மீட்க ஜூலை ஆகிவிட்டது. இதற்கிடையே ஜூன் 8 அன்று மான்செஸ்டரில் இந்தியா-பாகிஸ்தான் உலகக் கோப்பை ஆட்டம். இரு நாட்டுக் கொடிகளும் அரங்கில் பறந்தன. நாம் 47 ரன் வித்தியாசத்தில் வென்றோம்.

போர்க்காலத்தில் மைதானத்தில் கொடிகளே கூடாது என்பவர்கள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டார் எதிரியின் கொடியைப் பார்ப்பது கொடுமைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கொடி ஆகும், எது ஆகாது என்று வாசலில் நிற்கும் காவலரா முடிவு செய்வது? 2023 அக்டோபர் 23 அன்று பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் ஆட்டம் பார்க்க சேப்பாக்கம் வந்தவர்களிடம் நம் மூவர்ணக் கொடியையே ஒரு காவலர் பறித்தார். கண்டனம் எழுந்ததும் அவரை இடம் மாற்றினார்கள்.

கொடியை எரிப்பவனை, அடுத்தவனைச் சீண்டுபவனை வெளியேற்றுங்கள், அது போதும். 1999இல் சேப்பாக்கத்தில் எழுந்து நின்று கைதட்டச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.