தீவுகளும் காவலும்: பசுபிக் கடத்தல் தடுப்பின் வரலாற்றுப் பின்னணி

கடத்தல் தடுப்பு பெரும்பாலும் பொலிஸ் நிர்வாகப் பிரச்சினையாகவே நோக்கப்படுகின்றது. அதன் பொருளாதார அடித்தளத்தைப் பசுபிக் தீவுகளின் வரலாறு தெளிவுறுத்துகின்றது.

1863 முதல் குயீன்ஸ்லாந்தின் பருத்தி, கரும்புத் தோட்டங்களுக்கு ஏறத்தாழ 62,000 ஒப்பந்தங்களின் கீழ்த் தீவகத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். வஞ்சனையாலும் வன்முறையாலும் பிடிக்கப்பட்டோர் அவருட் பலர். 1871 இல் 'கார்ல்' என்னும் கப்பலில் அடைக்கப்பட்டிருந்தோருள் ஏறத்தாழ 70 பேர் கொல்லப்பட்டனர். அதற்கு முன்னின்ற மருத்துவர் மரே அரச சாட்சியாக மாறித் தண்டனையினின்றும் தப்பினார். 1872 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் ஆட்கடத்தலைத் தடைசெய்தது. ஆயினும் உரிமப்பத்திரம் பெற்ற ஆட்திரட்டலை அனுமதித்தது. கப்பல்கள் கண்காணிக்கப்பட்டன; உழைப்பை வேண்டிநின்ற தோட்ட மூலதனமோ தீண்டப்படவில்லை. 1901 ஆம் ஆண்டின் அவுஸ்திரேலியச் சட்டத்தால் ஈற்றில் நாடுகடத்தப்பட்டோரும் தொழிலாளரே.

இவ்வனுபவம் இன்றைய முயற்சிகளை மதிப்பிடுவதற்கு அளவுகோலாகின்றது. 1992 இன் ஹொனியாரா பிரகடனமும், 2002 இல் உருவாகி அபியாவில் ஒருங்கிணைப்பு நிலையத்தைக் கொண்டியங்கும் நாடுகடந்த குற்றத்தடுப்பு வலையமைப்பும் அவசியமானவையே. ஏறத்தாழ 35 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புள்ள பொருளாதாரக் கடல்வலயத்தைக் கிரிபட்டி போன்றதொரு சிறுநாடு தனித்துக் காத்தல் இயலாது. எனினும் 2024 சனவரியில் பிஜியின் நாடியில் கைப்பற்றப்பட்ட 4 தொன்னுக்கு மேற்பட்ட மெதம்பெட்டமைன் போதைப்பொருள் நமக்கு உணர்த்துவது யாது? அவுஸ்திரேலிய, நியூசிலாந்துச் சந்தைகளின் இலாபமே தீவுகளைக் கடத்தல் வழிகளாக்குகின்றது. அதன் விலையைத் தீவக இளைஞரும் செலுத்துகின்றனர்.

ஆகவே, கடலைக் காக்கும் ஒருங்கிணைப்பு சந்தையையும் மூலதனத்தையும் நோக்கித் திரும்பாதவரை, 1872 இன் குறைபாடு புதிய வடிவில் நீடிக்கும் எனலாம்.