கப்சாயின் கண்சிமிட்டல் - பழைய மோட்டார் சைக்கிள் சமிக்ஞை விளக்கின் கதை



மலேசியத் தமிழர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் கப்பலையும் இரயிலையும் மறவாமல் குறிப்பிடுவர். ஆனால், தோட்டப்புறத்து மக்களைப் பட்டணத்தோடு இணைத்த மோட்டார் சைக்கிளைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. அதன் மிகச் சிறிய உறுப்பாகிய சமிக்ஞை விளக்கை எடுத்துக்கொண்டு, அது எப்படிப் பிறந்தது, ஏன் அடிக்கடி பழுதடைகிறது, எவ்வாறு சரி செய்வது என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

வாகனம் தோன்றிய காலத்தில் திரும்பும் திசையைக் காட்டக் கையே கருவியாக இருந்தது. 1914ஆம் ஆண்டில் அமெரிக்கத் திரைப்பட நடிகை ஃபுளோரன்ஸ் லாரன்ஸ், பொத்தானை அழுத்தினால் காரின் பின்புறத்தில் அடையாளக் கை உயரும் ஓர் அமைப்பை உருவாக்கினார். 1930களில் ஐரோப்பியக் கார்களில், பக்கவாட்டிலிருந்து நீளும் சிறு கைகாட்டிகள் பரவின. 1939ஆம் ஆண்டு மாதிரியாக வந்த பியூக் கார்களில் மின்னி அணையும் விளக்கு இடம்பெற்றது. எனினும், மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் இதன் பின்னரும் நெடுங்காலம் கையையே நம்பியிருந்தனர்.

இதில் நம் நாட்டுக்குரிய ஓர் ஆபத்து உண்டு. நாம் சாலையின் இடப்புறம் செல்பவர்கள். ஆகவே, வலப்புறம் திரும்பும்போதுதான் எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கிட வேண்டியுள்ளது. அதைக் காட்ட வலது கையை நீட்ட வேண்டும். அதே வலது கையில்தான் வேக முறுக்கியும் முன்புற பிரேக்கும் உள்ளன. எந்தத் திருப்பத்தில் கட்டுப்பாடு மிகவும் தேவையோ, அந்தத் திருப்பத்தில்தான் கையை எடுக்க வேண்டியிருந்தது!

1958ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானில் ஹோண்டா சூப்பர் கப் சி100 வெளிவந்தது. 49 சிசி இயந்திரம் கொண்ட அவ்வண்டியை சொய்ச்சிரோ ஹோண்டா உருவாக்கினார். விற்பனைக்குத் தூணாக நின்றவர் தக்கேயோ ஃபுஜிசாவா. உணவுப் பெட்டியை ஒரு கையில் ஏந்திச் செல்லும் கடைப் பையனும் ஓட்ட வேண்டும் என்பதற்காக இடக்கைக் கிளட்ச் நீக்கப்பட்டது. சமிக்ஞை விசையும் வலக்கைப் பெருவிரலுக்கு எட்டுமாறு வைக்கப்பட்டது. கையை எடுக்காமலேயே திசையைச் சொல்லும் வசதி இவ்வாறு சாதாரண மக்களுக்கும் கிடைத்தது. 2017ஆம் ஆண்டு அக்டோபரில் இவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியை எட்டியது.

1950களின் இறுதியில் பினாங்குத் தொழிலதிபர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டு வந்தார். 'கப்' என்னும் பெயரோடு, சிறியது என்னும் பொருள்தரும் சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலைதேடிப் பட்டணம் நோக்கிய குடும்பங்களுக்குக் கப்சாயே காலாக அமைந்தது. அப்பா ஓட்ட, அம்மா பின்னே அமர, இடையில் பிள்ளை உட்கார்ந்து பள்ளிக்கு வந்த காட்சியை எம் தலைமுறை ஆசிரியர்கள் நன்கு அறிவோம்.

இனி, பழுதுக்கு வருவோம். பழைய கப் வண்டிகள் 6 வோல்ட் மின்சாரத்தில் இயங்கியவை. விளக்கு ஒன்று 18 வாட் எனக் கொள்வோம். முன்னும் பின்னுமாக இரண்டு விளக்குகள் எரிய 36 வாட் தேவை. அதற்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 12 வோல்ட்டாயின் 3 ஆம்பியர் போதும். இணைப்பில் துரு ஏறி 0.2 ஓம் தடை ஏற்பட்டால், 6 வோல்ட் வண்டியில் ஏறக்குறைய 1.2 வோல்ட், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, வழியிலேயே வீணாகும். 12 வோல்ட் வண்டியிலோ இருபதில் ஒரு பங்குதான் இழப்பு. 1980களில் கப் வண்டிகள் 12 வோல்ட்டுக்கு மாறியதால் கிடைத்த நன்மைகளுள் இதுவும் ஒன்று.

விளக்கை மின்ன வைப்பது ஃபிளாஷர் என்னும் சிறு டப்பா. பழைய வகைகளில் உள்ளே ஈருலோகத் தகடு இருக்கும். மின்னோட்டம் பாயும்போது அது சூடேறி வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் இணையும். ஒரு பல்ப் எரியாவிட்டால் மின்னோட்டம் குறைந்து தகடு போதிய அளவு சூடேறாது. மற்ற விளக்கு மின்னாமல் நிலையாக எரியும். எல்.இ.டி. பல்ப் பொருத்தியவர்கள் "மின்னவே இல்லை" என வருந்துவதற்கும் இதுவே காரணம். அதற்குரிய மின்னணு ஃபிளாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. முதலில் ஹார்னை அழுத்திப் பாருங்கள். பிரேக் விளக்கையும் கவனியுங்கள். இவை பலவீனமாக இருந்தால் பேட்டரியே குற்றவாளி. பழைய சி70 போன்ற வண்டிகளில் முன்விளக்கு இயந்திரத்தின் மின்சுருளிலிருந்து நேராக எரிவதால், அது எரிவதைக் கண்டு பேட்டரி நன்றாக உள்ளதென எண்ணிவிடக் கூடாது. அடுத்து, பல்புகளின் வோல்ட்டும் வாட்டும் சரிதானா எனப் பாருங்கள். பின்னர், ஃபிளாஷரின் இரு முனைகளையும் ஒரு வயர்த்துண்டால் இணைத்து விசையைத் தள்ளுங்கள். விளக்குகள் நிலையாக எரிந்தால் ஃபிளாஷர் பழுது. எரியாவிட்டால் வயர், விசை, எர்த் ஆகியவற்றில் தேட வேண்டும். ஹோண்டாவில் கறுப்பு வயர் சாவி வழியாக வரும் மின்சாரம், சாம்பல் நிறம் ஃபிளாஷரிலிருந்து விசைக்குச் செல்வது, ஆரஞ்சு இடப்பக்கம், இளநீலம் வலப்பக்கம், பச்சை எர்த்.

நண்பர் ஒருவர், பால்மரம் வெட்டிய தம் தந்தையாரின் சி70 வண்டிக்குப் புதுவண்ணம் பூசி வைத்திருக்கிறார். வலப்பக்கச் சமிக்ஞை மட்டும் மின்னவில்லை. மூன்று முறை பல்ப் மாற்றியும் பயனில்லை. இருவரும் அமர்ந்து சோதித்தோம். பின்புற வலது விளக்கின் எர்த் இணையும் இடத்தில் வண்ணம் படிந்து மின்சாரத்தைத் தடுத்திருந்தது. மணல்தாளால் தேய்த்தவுடன் விளக்கு மின்னியது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

இன்று பழைய கப்சாய்களைப் புதுப்பிக்கும் இளைஞர்கள் பெருகியுள்ளனர். மகிழ்ச்சியே. ஆனால், "சரிப்படவில்லை", "அழகாக இல்லை" என்று சமிக்ஞை விளக்குகளைக் கழற்றி எறிவோரையும் காண்கிறேன். பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு நம் மனத்தில் உள்ள திருப்பம் தெரியாது. அவருக்கு நாம் சொல்லும் ஒரே சொல் அந்த மஞ்சள் ஒளிதான். வீட்டில் அப்பாவின் பழைய வண்டி இருந்தால், வண்ணம் பூசும் முன் வயர்களைப் பாருங்கள். உங்கள் பிள்ளையையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அறிவியல் பாடத்தில் படிக்கும் மின்சுற்றை அவன் அங்கே கையால் தொட்டு உணர்வான்.