நீலச் சாயத்திலிருந்து ஒரு மாத்திரை

மனநோய்க்குக் கொடுக்கப்படும் ஒரு மாத்திரையின் மூதாதை ஒரு துணிச்சாயம். 1876இல் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் காரோ என்ற வேதியியலாளர் மெத்திலீன் நீலத்தை உருவாக்கினார். அதன் மூலக்கூறு அமைப்பைத் துருவிப் பார்த்த பெர்ன்ட்சென் என்ற வேதியியலாளர், 1883இல் ஃபீனோதையஸீன் என்ற சேர்மத்தைக் கண்டெடுத்தார். 1930களில் அது பூச்சிக்கொல்லியாகவும், ஆடு மாடுகளின் குடற்புழுவை நீக்கும் மருந்தாகவும் விற்றது. 1950 டிசம்பரில் பிரான்சின் ரோன்-பூலாங்க் நிறுவனத்தில் அதே குடும்பத்தில் குளோர்ப்ரோமஸீன் பிறந்தது.

அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியைத் தணிக்க வழி தேடிய ஆன்றி லபோரி என்ற மருத்துவர் அதைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் விழித்தபடியே, சுற்றி நடப்பது எதிலும் பட்டுக்கொள்ளாமல் கிடந்தார்கள். 1952இல் பாரிஸின் சாந்த் ஆன் மனநல மருத்துவமனையில் ழான் தெலேயும் பியேர் தெனிக்கேயும் அதைக் கடும் மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். இல்லாத குரல்கள் கேட்டு அலறியவர்கள் அமைதியடைந்தார்கள். வீடு திரும்பியவர்களும் உண்டு. அந்த நன்மை உண்மையானது.

ஆனால் மாத்திரை அங்கேயே நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்திருந்த விடுதிகளுக்குள் நுழைந்தது. அறிவுசார் குறைபாடு மனநோய் அல்ல. அதைக் குணமாக்கும் எதுவும் இந்த மாத்திரையில் இல்லை. இருந்தும் ஏன் போனது? பெரிய கூடங்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய பணியாளர்கள், நாள் முழுக்கச் செய்ய ஒன்றுமில்லாத மனிதர்கள். ஒருவர் தலையைச் சுவரில் மோதிக்கொள்வார், இன்னொருவர் கையைக் கடித்துக்கொள்வார். மாத்திரை கொடுத்தால் கூடம் அடங்கும். யாருக்காக மருந்து என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும். 1972இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், இத்தகைய விடுதிகளின் நிலை குறித்த வயட் வழக்கில் நீதிபதி ஃப்ராங்க் ஜான்சன் அதற்கு விடை எழுதினார்: தண்டனையாகவோ, பணியாளர்களின் வசதிக்காகவோ, பயிற்சிக்குப் பதிலாகவோ மருந்து கொடுக்கக் கூடாது.

தீர்ப்பு காகிதத்தில் இருந்தது, மாத்திரை பயணத்தைத் தொடர்ந்தது. குளோர்ப்ரோமஸீனின் தம்பி தயோரிடஸீன் இந்த விடுதிகளில் பல்லாண்டு புழங்கியது. இதயத் துடிப்பின் சீரைக் குலைப்பதால் 2005இல் அதைத் தயாரித்த நிறுவனமே உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. அதற்குள் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் என்று வேறு வேதிக் குடும்பங்களைச் சேர்ந்த மருந்துகள் அதே வேலைக்கு வந்துவிட்டன.

இந்த மருந்துகளின் விளைவுகளில் ஒன்றை நான் மிகவும் அஞ்சுகிறேன். இவை சிலருக்கு உடலுக்குள் ஓர் இருப்புக்கொள்ளாமையை உண்டாக்கும். உட்கார முடியாது, நிற்க முடியாது. பேசத் தெரிந்தவர் 'என்னவோ செய்கிறது டாக்டர்' என்பார். பேச்சு வராத ஒருவர் எழுந்து நடப்பார், தள்ளிவிடுவார், கத்துவார். 'முரட்டுத்தனம் கூடிவிட்டது' என்று குறிப்பில் எழுதப்படும், மருந்தின் அளவு கூட்டப்படும். பல்வலிக்கும் மலச்சிக்கலுக்கும் காதுவலிக்கும் இதே கதிதான். வலியைச் சொல்ல அவருக்கு இருந்த ஒரே வழி அந்த முரட்டுத்தனம். அதையும் மாத்திரை அடைத்துவிடும்.

மாத்திரை வேலை செய்கிறதா என்று ஒழுங்காகச் சோதித்த ஆய்வு 2008இல் 'லான்செட்' இதழில் வந்தது. பீட்டர் டைரர் தலைமையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆஸ்திரேலியாவிலுமாக, அறிவுசார் குறைபாடு உள்ள, ஆக்ரோஷமாக நடந்துகொண்ட, மனநோய் இல்லாத 86 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஹாலோபெரிடால், ஒன்றுக்கு ரிஸ்பெரிடோன், மூன்றாவதற்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. நான்கு வாரத்தில் மூன்று பிரிவிலும் ஆக்ரோஷம் குறைந்தது. ரிஸ்பெரிடோன் பிரிவில் 58 சதவீதம், ஹாலோபெரிடால் பிரிவில் 65 சதவீதம். வெற்று மாத்திரைப் பிரிவில் 79 சதவீதம்! இந்த வேறுபாட்டை வைத்து வெற்று மாத்திரையே மேல் என்று அறுதியிட முடியாது. மருந்து மேல் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. எனக்குத் தோன்றுவது இது: ஆய்வுக்காக யாரோ வந்து பார்த்தார்கள், கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள். பலருடைய வாழ்க்கையில் அந்த அக்கறையே புதிதாக இருந்திருக்கும்.

பழக்கம் அசையவில்லை. பிரிட்டனில் அறிவுசார் குறைபாடுள்ள 33,016 பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2015இல் ஓர் ஆய்வு வந்தது. மனநோய் மருந்து பெற்றவர்களில் 71 சதவீதம் பேருக்குக் கடும் மனநோய் இருந்ததாகப் பதிவே இல்லை. தக்க மருத்துவக் காரணம் இல்லாமல் மனநோய் மருந்தோ மனச்சோர்வு மருந்தோ தினமும் விழுங்குபவர்கள் இங்கிலாந்தில் மட்டும் 30,000 முதல் 35,000 பேர் என்று அதே ஆண்டு அரசின் பொதுச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. தேவையற்ற மருந்தைக் குறைக்க 2016இல் 'ஸ்டாம்ப்' என்ற தேசிய இயக்கம் தொடங்கியது.

அதே 2016 நவம்பரில் பிரிஸ்டலில் ஆலிவர் மெக்கவன் இறந்தான். 18 வயது. ஆட்டிசம், வலிப்பு, லேசான அறிவுசார் குறைபாடு. வலிப்புக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவன் பயத்தில் பதறினான். இவ்வகை மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவனே சொன்னான், பெற்றோரும் சொன்னார்கள். ஒலான்சபின் கொடுக்கப்பட்டது. மனநோய் மருந்துகளால் அரிதாக வரும் கடும் எதிர்வினை அவனைத் தாக்கியது; மூளை வீங்கி, அவன் மீளவே இல்லை. அவனுடைய தாய் பாலா மெக்கவன் விடாமல் போராடியதன் பயனாக, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு குறித்த பயிற்சியை மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்களுக்குக் கட்டாயமாக்கிய சட்டம் 2022இல் வந்தது.

மாத்திரையைக் குப்பையில் எறியச் சொல்லவில்லை. அறிவுசார் குறைபாட்டோடு மனச்சிதைவும் உள்ளவருக்கு அது வேண்டும். நடத்தைக்காகக் கொடுப்பதென்றால், முதலில் வலியையும் சூழலையும் பார்த்துவிட்டு, வேறு வழிகளை முயன்ற பிறகே என்கிறது பிரிட்டனின் 2015 வழிகாட்டி. கொடுத்தாலும் 6 வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்தச் சொல்கிறது. ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர் வீட்டில் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரின் கண்காணிப்பில், சிறிது சிறிதாக, மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். சிலருக்கு நடுவில் பழைய பதற்றம் தலைதூக்கும். அப்போது அளவைக் கூட்டும் முன் பல்லையும் காதையும் வயிற்றையும் பார்க்கச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள்.