மீள்நடுகை மானியமும் காணி உறுதியும்: றக்வானப் பக்கத்து வரலாறு

றக்வான நகரிலிருந்து கீழிறங்கும் வீதியில் பயணிப்போர் இருவகைத் தேயிலையைக் காணலாம். ஒன்று லயங்களைச் சூழ்ந்த தோட்டத்துத் தேயிலை. மற்றையது வீட்டு முற்றம் வரை வந்து நிற்கும் கிராமத்துச் சிற்றுடைமைத் தேயிலை. கொழுந்து ஒன்றுதான், அரச மானியம் என்று வரும்போதுதான் கதை வேறாகிறது.

அக்கதை இறப்பரில் தொடங்குகிறது. 1952 இல் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க முன்னின்று சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தைச் செய்துகொண்டார். அமெரிக்கா முகஞ்சுளித்தது. ஆனால் சீனாவோ சந்தை விலையிலும் கூடிய விலை கொடுத்து வாங்கியது. மறு ஆண்டே இறப்பர் மீள்நடுகை மானியச் சட்டம் வந்தது. முதிர்ந்த மரங்களை அகற்றி உயர்விளைச்சல் இனங்களை நடுவோருக்கு ஏக்கர் கணக்கில், தவணை முறையில் பணம். சப்ரகமுவ இறப்பர் பூமி. எனவே இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கு இது பெரும் வரமாயிற்று.

தேயிலைக்கான மானியச் சட்டம் 1958 இல் வந்தது. பழைய விதைத் தேயிலையை வேரோடு பிடுங்க வேண்டும். மண் தேறுவதற்காகக் குவாத்தமாலா புல்லை வளர்த்து, அதன் பின்னரே 'வீ.பி.' கன்றுகளை நட வேண்டும். உத்தியோகத்தர் வந்து பார்த்து ஒப்பமிட்டால்தான் அடுத்த தவணை.

இந்த வேலைகளையெல்லாம் தோட்டங்களில் செய்தவர் யார்? பிரட்டுக்கு நின்று, மலையேறி, குழி வெட்டியவர்கள் நம்மவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது அன்றைய பேர். வேலை குறைந்தால் அரைப்பேர். மானியமோ காணியின் உடைமையாளருக்குப் போயிற்று. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. அதில் மோசடி எதுவுமில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்களுக்குக் காணி உறுதி எங்கிருந்து வரும்?

1972 இன் காணிச் சீர்திருத்தம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. சுவீகரித்த காணிகளில் ஒரு பகுதி கிராமத்தவருக்குப் பிரித்தளிக்கப்பட்டது. சில இடங்களில் தோட்டத் தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். அதே 1975 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ்தான் தேயிலைச் சிற்றுடைமைகள் அபிவிருத்தி அதிகார சபையும் அமைந்தது. கன்று, ஆலோசனை, மீள்நடுகைக்கும் புதுநடுகைக்கும் மானியம் என அது கிராமத்தை ஊன்றி நின்று வளர்த்தது. இன்று இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் சிற்றுடைமையாளரின் கொழுந்திலிருந்து வருகிறது. இதை நான் குறை கூறவில்லை. சிங்களக் கிராமத்து ஏழையும் ஏழைதான். அவனது உழைப்பும் அதில் இருக்கிறது. மானியம் வீணாகவில்லை என்பதற்கு அந்த 70 வீதமே சான்று.

வீணாகாத ஒன்று நமக்கு ஏன் எட்டவில்லை என்பதே என் கேள்வி. குடியுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. காணி தீரவில்லை. அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்றார்கள். ஏக்கருக்கு 160 பேர்ச். வீடு கட்டிய பின் எஞ்சும் நிலத்தில் கறிவேப்பிலை வைக்கலாம். தேயிலை நட இயலாது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது சிற்றுடைமையாளர் வீதிக்கு வந்தனர். அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியது. கொழுந்து குறைந்த அம்மாதங்களில் கிலோக் கணக்கு நிறைவேறாமல் சம்பளம் இழந்த தொழிலாளரை அந்த விவாதத்தில் எவரும் விவசாயியாகக் கருதவில்லை.

இப்போது சில கம்பனிகள் தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்து கொடுத்து, பராமரித்துக் கொழுந்தைத் தங்களுக்கே விற்கச் சொல்கின்றன. செடி தொழிலாளரின் பொறுப்பு. நிலம் கம்பனியின் குத்தகை. மானிய விண்ணப்பத்தில் காணி உரித்தைக் கேட்கும் இடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.