நின்றதால் செத்ததா? டாக்ஸால் குறித்த ஒரு மறுவாசிப்பு

புற்றுநோய் மருந்தான டாக்ஸால் புற்றுச் செல்லை எப்படிக் கொல்கிறது? பாடநூல்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: செல் பிரியும்போது அதைப் பாதியில் நிறுத்துகிறது, நின்ற செல் செத்துப்போகிறது. இந்த விளக்கத்தின் வேர், 1979இல் பீட்டர் ஷிஃப், ஜேன் ஃபான்ட், சூசன் ஹார்விட்ஸ் மூவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை. அவர்கள் கண்டது அசைக்க முடியாதது. ‘நின்றதால்தான் செத்தது’ என்று அதன்மேல் கட்டி எழுப்பப்பட்ட வாசிப்பைத்தான் ஏற்க இயலவில்லை.

1962 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஆர்தர் பார்க்லே பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்ததும், 1971இல் மன்சுக் வாணி, மன்ரோ வால் குழுவினர் அதிலிருந்து பிரித்த டாக்ஸால் மூலக்கூறின் அமைப்பை வெளியிட்டதும் துறையினர் அறிந்த கதை.

1979ஆம் ஆண்டுக் கட்டுரையின் புதுமை வேறு. நம்மூர்க் கண்வலிக்கிழங்கின் விதையிலும் உள்ள கால்ச்சிசின், டியூபுலின் புரதம் நுண்குழல்களாகச் சேர்வதைத் தடுக்கும். டாக்ஸாலோ சேரத் தூண்டியது. சேர்ந்தவை 4 டிகிரி செல்சியஸ் குளிரிலும் கலையவில்லை. நிற்க வேண்டிய இடம் அக்கட்டுரை தரும் ஓர் அளவு. 0.25 மைக்ரோமோலார் டாக்ஸாலில் ஹீலா எனும் ஆய்வகப் புற்றுச் செல்கள் பிரிவதை அடியோடு நிறுத்தின. 20 மணி நேரத்தில், பிரிவுக்கு முந்தைய ஜி2 கட்டத்தின் இறுதியிலோ பிரிவு நிகழும் மைட்டாசிஸிலோ தேங்கின. இதைக் ‘குறைந்த அளவு’ என்றே ஆசிரியர்கள் குறித்தார்கள். அன்றைக்கு அது சரி. ஆனால் 1993இல் மேரி ஆன் ஜோர்டன், லெஸ்லி வில்சன் குழு அதே ஹீலா செல்களில் 10 நானோமோலாருக்கும் கீழேயே பிரிவு தடைபடுவதைக் காட்டியது. 0.25 மைக்ரோமோலார் என்பது 250 நானோமோலார். அதாவது, குறைந்தபட்சம் அதன் 25 மடங்கு.

நோயாளியின் ரத்தத்தில் மருந்தேற்றியவுடன் அளவு இந்த 250 நானோமோலாரையும் தாண்டுமே என்று பழைய வாசிப்பின் ஆதரவாளர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் செல்கள் இம்மருந்தைத் தமக்குள் பன்மடங்கு சேர்த்துக்கொள்பவை. எனவே கட்டிக்குள் எவ்வளவு தங்கியது என்பதே கணக்கு.

அதை அளந்தது 2014இல் பெத் வீவர் குழு. மார்பகக் கட்டிகளில் தங்கிய அளவு, செல்லை நீண்டநேரம் நிறுத்திவைக்கப் போதவில்லை. செல்கள் பெரிய தாமதமின்றிப் பிரிந்தன. ஆனால் குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் கதிர்கோல், இரு துருவமாக இருப்பதற்குப் பதில் பல துருவமாக இருந்தது! குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்பட்டன. மகவுச் செல்கள் இறந்தன. தேக்கம் இல்லாமலும் கட்டி சுருங்கியது.

இங்கே சான்று மெலிவானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பரிசோதிக்கப்பட்ட நோயாளிகள் மிகச் சிலர். ஒரே வகைப் புற்று. இருந்தாலும் பக்கத் துணை உண்டு. கினெசின்-5 தடுப்பான்கள் செல்லை மைட்டாசிஸில் நன்றாகவே நிறுத்துபவை. மருத்துவமனையிலோ டாக்ஸாலுக்கு ஈடாகவில்லை. நிறுத்துவதே கொல்லும் வழி என்றால் இவை தோற்றிருக்கக் கூடாது. மனிதக் கட்டிகளில் எந்நேரமும் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் மிகக் குறைவு என்று டிமதி மிட்சிசன் 2012இல் எழுப்பிய புதிரும் இதே பக்கம்தான் சாய்கிறது.

பழைய வாசிப்பு எப்போது நிலைபெற்றது என்று ஓராண்டைச் சுட்டுவது பொருந்தாது. ‘அப்போப்டோசிஸ்’ (செல்லின் திட்டமிட்ட சாவு) என்ற கருத்தை கெர், வில்லி, கர்ரி 1972இலேயே முன்வைத்துவிட்டார்கள். டாக்ஸால் ஆய்வுகளில் அது வேரூன்றியதோ 1990களில். அமெரிக்காவில் 1992 டிசம்பரில் சூல்பைப் புற்றுக்கு மருந்து அனுமதி பெற்றபோதும் சாவுக் காரணம் முடிந்த வழக்கல்ல. சிதறிய குரோமோசோம்கள் நோயெதிர்ப்பு மண்டலத்தை உசுப்புகின்றனவா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

ஆகவே, நுண்குழலை இறுக்குகிறது என்ற 1979ஆம் ஆண்டு முடிவு நிற்கும். தேக்கமே கொல்கிறது என்பது, குறைந்தபட்சம் மார்பகப் புற்றில், இனி நிற்காது.