நீலக்குருதி

நீலக்குருதி என்பது, நம் இரத்தத்தில் இரும்பு ஆற்றும் கருமத்தைத் தாமிரம் ஆற்றுகின்ற, ஹீமோசயனின் என்னும் புரதத்தைக் கொண்ட குருதியாகும். யாழ்ப்பாணக் கடனீரேரியில் வாழும் நீலக்கால் நண்டு, சேற்று நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றின் உடலில் ஓடுவது இதுவே. 1878ஆம் ஆண்டில் பெல்ஜிய உடற்றொழிலறிஞர் லேயோன் பிரெடெரிக், சாக்குக்கணவாயின் இரத்தத்தை ஆராய்ந்து ஹீமோசயனினுக்குப் பெயரிட்டார்.

இரண்டு தாமிர அணுக்கள் சேர்ந்து ஓர் ஒட்சிசன் மூலக்கூற்றைப் பற்றுங்கால் நீலவர்ணம் பெற்று, அதனை விடுங்கால் நிறமிழக்கும் இப்புரதம், கலங்களுள் அடைபடாது குருதிநீரிலேயே கரைந்திருக்கும். சமையலுக்கு நண்டை வெட்டும்போது செங்குருதி காணாமை இதனாலேயே.

சேற்று நண்டு தன் வலிய கொடுக்குகளால் சிப்பியையும் நத்தையையும் உடைத்து உண்ணுகையில், அவ்விரையிலுள்ள தாமிரம் அதன் செரிமானச் சுரப்பியிற் சேமிக்கப்பட்டுப் புதிய ஹீமோசயனினை ஆக்கப் பயன்படுகிறது; நெடுநாள் ஆகாரம் கிட்டாதபோது அப்புரதமே சிதைந்து உடலைத் தாங்கும் சேமநிதியுமாகிறது. ஆயினும் உயிரளிக்கும் அத்தாமிரமே நீரில் மிகுந்தால் நஞ்சாகி, விசேஷமாக இளங்குடம்பிகளை அழிக்கும்.

ஆகவே, இப்பிராணிகளுக்கு இரையும் புகலிடமும் அளிக்கும் கண்டற்காடுகளையும் கடற்புற்படுகைகளையும் கழிவுநீர் கலவாமற் காப்பது, கடனீரேரியை நம்பி வாழும் மக்களின் ஜீவனத்தையே காப்பதாகும்.